சுவரில் நிற்பவர் பற்றிய தீர்மானம்

பழவேற்காட்டில் ஒரு பழைய கட்டடம் நீண்ட நாள் நிற்க வேண்டுமென்றால், தொன்மைச் சின்னப் பாதுகாப்புத் தன்னார்வலர் மன்றத்தின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஒல்லாந்தர் கட்டிப் போட்டுவிட்டுப் போனதைப் புயலும் வெள்ளமும் உப்புக் காற்றும் நானூறு வருஷமாக முட்டிப் பார்த்து அலுத்துவிட்டன. மன்றம் ஆரம்பித்து ஆறு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் மூன்று கட்டடங்களைக் காப்பாற்றியிருக்கிறது. மூன்றும் இப்போது இல்லை.

முதலாவது, உள்ளூர்க்காரர் சம்சுதீனின் பாட்டனார் வீடு. கப்பல் வியாபாரம் செய்த குடும்பம். தேக்குத் தூண்களும் நடுமுற்றமும் வைத்துக் கட்டிய வீடு. அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கும் விழாவுக்கு முற்றத்தில் பந்தல்கால் நட்டார்கள். கடப்பாரை தரைக்குக் கீழே எதையோ தொட்டது. கூட்டம் மரியாதையாக எழுந்து வாசலுக்கு வருவதற்கும், கூரை தரையில் உட்காருவதற்கும் சரியாக இருந்தது. தலைவர் தருமலிங்கம் மீதி உரையைத் தெருவில் நின்று முடித்தார். வீடு போன துக்கத்துக்கு ஆறுதலாக சம்சுதீனைச் செயலாளராக்கினார்கள். இரண்டாவது கட்டடத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள், கரைந்துவிட்டது. மூன்றாவது ஒரு வளைவு. அதைச் சுற்றிப் போட வேண்டிய பாதுகாப்பு வேலியை ஏற்றி வந்த லாரி பின்பக்கமாக வந்து அதன்மேலேயே நின்றது. ஆண்டறிக்கையில் இவை மூன்றும் 'முழுமையாக ஆவணப்படுத்தப்பட்டவை' என்ற தலைப்பில் வருகின்றன. படங்கள் நன்றாக விழுந்திருக்கும்.

மன்றத்துக்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. அதை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. எங்கோ குளிர் தேசத்தில் ஒரு கிராமப்புற மாவட்டத்துத் தன்னார்வலர்கள் தங்கள் ஊர்ப் பழைய தேவாலயங்களுக்காக எழுதி இணையத்தில் போட்டு வைத்திருந்ததை, பொருளாளரின் மருமகன் இறக்கித் தமிழாக்கி, அந்த ஊர்ப் பேரை அடித்துவிட்டுப் பழவேற்காடு என்று போட்டுக் கொடுத்தான். அதனால் கல்லறைகள்மேல் விழும் பனிக்கட்டியை மரத்துடுப்பால் மட்டுமே தள்ள வேண்டும் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. விதி என்றால் விதிதானே. பனி அகற்றும் உபகுழு என்று ஒன்றை அமைத்தார்கள். அதன் தலைவர் மாதக் கூட்டத்தில் வேர்த்து விறுவிறுக்க எழுந்து, "இந்த மாதம் பனி விழவில்லை" என்று அறிக்கை கொடுப்பார். கைதட்டுவார்கள்.

இந்த மன்றம்தான் ஒருநாள் கோட்டைக்குப்பத்தில் வேலம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தது.

வேலம்மாவின் வீட்டுக்கு மூன்று சுவர்தான் அவளுடையது. நாலாவது சுவர் ஒல்லாந்தர் கிடங்கின் மிச்சம். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து யானை முட்டினாலும் அசையாதபடி கட்டியது. கிடங்கு போன பிறகு இந்த ஒரு சுவர் மட்டும் தனியாக நின்றது. அவள் புருஷன் தேசப்பனின் தாத்தா, நாலு சுவர் கட்டும் செலவு எதற்கு என்று அதில் சாய்த்து ஓலைக் கூரை இறக்கினார். பிறகு ஓடு வந்தது, தரைக்குச் சிமெண்டு வந்தது. சுவர் அப்படியே இருந்தது.

தேசப்பன் எட்டு வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசியில் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனான். படகு கவிழ்ந்தபடி திரும்பி வந்தது. அவன் வரவில்லை. ஆந்திரக் கரை வரைக்கும் தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காதவனுக்கு இந்த ஊரில் சாவு கிடையாது. அவன் பெண்சாதி முகத்துவாரத்தில் நின்று, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "போ" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்கிறவரைக்கும் அவன் வரவேண்டிய ஆள். பெண்சாதி கழுத்தில் தாலி இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் அவன் பேர் இருக்கும். முக்கியமாக, அவன் பாடு இருக்கும். ஏரி எல்லாருக்கும் பொது, ஆனால் இறால் வரும் துறைகள் கொஞ்சம்தான். எந்த வீட்டுக்காரன் எந்த நாளில் எந்தத் துறையில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரித்திருக்கிறது. அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். அது ஆம்பளை பேரில் ஓடும். ஆள் செத்தால் மகனுக்குப் போகும், மகன் இல்லாவிட்டால் ஊருக்கே திரும்பிவிடும். வேலம்மாவுக்குப் பிள்ளை இல்லை. தேசப்பனின் பாட்டை அவன் தம்பி கோதண்டம் கட்டி, வந்த இறாலில் பாதியைக் கூடையில் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுப்பான். அதை விற்று அவள் சாப்பிட்டாள்.

வேலம்மா "போ" என்று சொல்லவில்லை. பாடு போய்விடும் என்பதற்காக மட்டும் என்று நினைத்தால் நீங்களும் மன்றத்தில் சேரலாம். அடுத்த ஐப்பசியிலேயே அவர் வந்துவிட்டார்.

மழை தொடங்கி ஏரி ஏறியதும் கிடங்குச் சுவரில் எப்போதும் உப்பு பூக்கும். அந்த வருஷம் பூத்த உப்புக்கு நடுவில் ஈரம் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி நின்றது. தலையில் முண்டாசு. இடது தோள் கொஞ்சம் தூக்கல், வலது தோள் கொஞ்சம் இறக்கம். படகு தள்ளும் சவளக் கோலைச் சாய்த்துச் சுமந்து சுமந்து தேசப்பனுக்கு ஆகிப்போன தோள். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்பவனைப்போலத் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வெயில் காலத்திலும் அது காயவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் வேலம்மா பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு என்ன வலையில் பட்டது, யார் வீட்டில் சண்டை என்று சொல்லுவாள். சொல்லச் சொல்லக் காது இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் கறுக்கும். சில நாள் தோளிலிருந்து ஒரு சொட்டு விழும்.

அந்தச் சுவரில் நிற்பது யார் என்று கோட்டைக்குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஊர்த் தலைவர் குப்பன் எதற்காவது அந்த வீட்டுக்கு வந்தால் தோளில் இருக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். ஆனால் யாரும் வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் தேசப்பன் செத்தவனாகிவிடுவான். தெரியாத மாதிரி இருப்பதுதான் ஊர் அவளுக்குச் செய்த உதவி. ஏழு வருஷம் ஓர் ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது என்றால் லேசான காரியமில்லை.

மன்றத்துக்கு வாயை மூடுகிற பழக்கம் கிடையாது.

தருமலிங்கம் திருப்பாலைவனத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். சேவைக்காகப் பொன்னாடை தவிர வேறு எதையும் வாங்காதவர். கள ஆய்வு என்று சொல்லிக்கொண்டு பதினைந்து பேருடன் உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். கோதண்டம் அப்போதுதான் இறால் கூடையை இறக்கி வைத்திருந்தான்.

"யாருய்யா இது?" என்றார் தருமலிங்கம்.

கோதண்டம் வாயைத் திறந்தான். வேலம்மா அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"செவுத்துல உப்பு பூத்துகீது சார்," என்றாள் அவள்.

"உப்பா? நல்லா பாரும்மா. தொப்பி தெரியுது. தோள்ல பட்டை தெரியுது. நிக்கிற தோரணைய பாரு! இது நம்ம ஆளு நிக்கிற மாதிரியா இருக்குது? இது ஒல்லாந்து கவர்னர்!"

பதினைந்து பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள். மன்றத்தில் சேர்ந்தால் முதலில் வருவது இந்தப் பார்வைதான்.

அடுத்த வாரம் கவர்னருக்குப் பேர் வைத்தார்கள். வரலாற்றில் தேடுவதற்கு நேரமில்லை. பொருளாளர் வீட்டு வெளிநாட்டு பிஸ்கட் டப்பாவில் 'வான் டெர்' என்று ஆரம்பிக்கும் ஒரு பேர் இருந்தது. அதை வாக்கெடுப்பில் விட்டு ஏற்றுக்கொண்டார்கள். ஊர் வாயில் அது வாண்டர் துரை ஆயிற்று. வீட்டு வாசலில் நீலப் பலகை அடித்தார்கள். வீட்டுக்கு நடுவில் குறுக்கே ஒரு கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் அடுப்பும் பாயும் வேலம்மாவும்.

கயிறு கட்டிய அன்று தருமலிங்கம் பேசினார்:

"இந்தச் சுவருக்கு வயசு நானூறு. இந்தம்மாவுக்கு வயசு முப்பத்தொன்பது. யாருக்கு முன்னுரிமைன்னு நீங்களே சொல்லுங்க. இந்தம்மா இங்க குடியிருக்கறத மன்றம் எதிர்க்கல. மன்றம் பெருந்தன்மையானது. குடியிருக்கற மாதிரி தெரியக் கூடாது, அவ்வளவுதான் கேட்கறோம். நாங்க ஒரு பைசா கூலி வாங்காம வேலை செய்யறோம். கூலி வாங்கறவன் வேலையத்தான் சரியா தப்பான்னு பார்க்க முடியும். எங்க வேலைய யாராலயும் பார்க்க முடியாது!"

கைதட்டினார்கள். கவர்னருக்கு மீன் வாடை ஆகாது என்று அடுப்பை வாசலுக்கு மாற்றச் சொன்னார்கள். பார்வை நேரம் என்று ஒன்று வைத்தார்கள். அந்த நேரத்தில் அவள் வெளியே நிற்க வேண்டும். பனி அகற்றும் உபகுழு வந்து பார்த்து, கவர்னர்மேல் பனி இல்லை என்று சான்று கொடுத்துவிட்டுப் போயிற்று.

வேலம்மா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். துரை என்று சொல்லிவிட்டுப் போகட்டும். துரையாக இருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள். துரையாக இருக்கிறவரைக்கும் தேசப்பன் சாகவில்லை. பொழுது சாய்ந்து தன்னார்வலர்கள் போன பிறகு கயிற்றுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து, வழக்கம்போல அன்றைய கதையைச் சொன்னாள். தோளைத் தொட முடியவில்லை என்பதுதான் ஒரு குறை. அந்தக் குறை பெரிதாகத்தான் இருந்தது. சில நாள் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு அழுதாள்.

அதன் பிறகு சுவரில் இருந்தவர் நகர ஆரம்பித்தார்.

முதலில் பார்த்தது செயலாளர் சம்சுதீன். பலகையைத் துடைக்க வந்தவர், ஈரம் கயிற்றின் முனை கட்டியிருந்த ஆணிப் பக்கம் ஒரு சாண் தள்ளி நிற்பதைக் கண்டார். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றது. மன்றம் டேப் வைத்து அளந்தது. சென்னையிலிருந்து வந்த தொழில்நுட்ப ஆலோசகர் வெகுநேரம் பார்த்துவிட்டு "ம்ம்" என்றார். அது அறிக்கையில் சேர்க்கப்பட்டது. அவசரக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்: 'மன்றத்தின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதியின்றிக் கவர்னர் இடம் மாறக் கூடாது.' தருமலிங்கம் அதைச் சுவருக்கு முன்னால் நின்று உரக்கப் படித்து, ஒரு பிரதியைச் சுவரில் ஒட்டினார்.

மறுநாள் காலையில் பிரதி தரையில் கிடந்தது. மையெல்லாம் வழிந்திருந்தது. சுவரடியிலிருந்து கயிறு வரைக்கும் சிமெண்டுத் தரையில் ஈரக் கால்தடம். வெறுங்கால், விரல் அகன்ற கால். கயிற்றோடு அது நின்றுவிட்டது. இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. ஊர்க்கட்டுப்பாட்டில் வளர்ந்தவன், கயிறு கட்டினால் தாண்ட மாட்டான்.

சம்சுதீன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏரிச் சேற்று வாடை மூக்கில் ஏறியது. சட்டென்று செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

"யக்கா," என்றார் குரலைத் தாழ்த்தி. "ஒல்லாந்துக்காரன் பூட்ஸ் இல்லாம நடப்பானா?"

"எனக்கு இன்னா தம்பி தெரியும்," என்றாள் வேலம்மா.

அவர் ஒரு துணியை எடுத்துக் கால்தடத்தைத் துடைக்கக் குனிந்து, துடைக்க மனசு வராமல் எழுந்துவிட்டார். மன்றத்திடம் சொல்லவும் இல்லை.

ஆனால் மன்றம் அடுத்த காரியத்தைத் தானாகவே கண்டுபிடித்தது. கவர்னரைப் பார்க்க ஒல்லாந்து நாட்டிலிருந்தே விருந்தினர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. அதற்கான பொதுக்கூட்டத்தில் ஆலோசகர் "ம்ம்" என்பதைத் தாண்டி முதல் தடவையாக வாய் திறந்தார். சுவரை ஈரம் அரிக்கிறது என்றார். சுவரடியில் துளை போட்டு ரசாயனம் இறக்கிவிட்டால் கீழேயிருந்து ஒரு சொட்டு ஈரம் மேலே ஏறாது, கவர்னர் இன்னும் நானூறு வருஷம் பத்திரமாக இருப்பார்.

அந்த ஈரம்தான் கவர்னர் என்பது அங்கிருந்த நூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசி வரிசையில் நின்றிருந்த வேலம்மாவுக்குத் தோன்றியது.

"வேணா சார்," என்றாள். "ஈரம் பூட்டா அவரு பூடுவாரு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் தருமலிங்கத்துக்குப் பக்கத்தில், பொன்னாடை போர்த்தப்பட்ட சிறப்பு விருந்தினராக ஊர்த் தலைவர் குப்பன் உட்கார்ந்திருந்தார்.

"கவர்னர பாதுகாக்கத்தாம்மா இதெல்லாம்," என்றார் தருமலிங்கம்.

"பாதுகாக்க வேணா சார். இருக்கற மாதிரியே இருக்கட்டும். நா கயித்துக்கு இந்தாண்டயே இருந்துக்கறேன். அடுப்ப தெருவுலயே வச்சிக்கறேன். அவர ஒண்ணும் பண்ணாதீங்க."

தருமலிங்கம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அவர் நியாயமான மனிதர். புத்தகத்தில் இருந்தால் யாருக்கும் இல்லையென்று சொல்ல மாட்டார். "சின்னத்தில் உள்ள மனித எச்சங்கள்மீது கை வைப்பதை, அன்னாரின் நெருங்கிய உறவினர் மட்டும் ஆட்சேபிக்கலாம்னு இருக்குது. நீங்க கவர்னருக்கு என்ன உறவும்மா?"

சிரித்தார்கள். குப்பன் சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"வேலம்மா, ஒக்காரும்மா," என்றார். "ஊட்டாண்ட போய் பேசிக்கலாம்."

"ஊட்டாண்ட போறதுக்குள்ள தொளை போட்டுடுவாங்க மாமா."

"யோசிச்சி பேசு. நா காது கேக்காத மாதிரி இருந்துடுவேன், இத்தினி நாளு அப்படித்தான இருந்தேன். மைக்குல சொல்லிட்டா நா இன்னா பண்றது?"

அதற்குள் ஒரு தன்னார்வலர் ஓடிவந்து அவள் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். மன்றத்தில் எது தாமதமானாலும் மைக் தாமதமாகாது.

வேலம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சொன்னால் தாலி போகும், பாடு போகும், சாப்பாடு போகும். சொல்லாவிட்டால் அவர் போவார். கோதண்டம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அண்ணீ, வேணா அண்ணீ," என்றான்.

"அது எங்க வூட்டுக்காரரு," என்றாள். ஒலிபெருக்கி அதைத் தெரு முனை வரைக்கும் கொண்டுபோனது.

"உங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கறதா இல்ல சொன்னாங்க? உயிரோட இருக்கறவர் எப்படிம்மா சுவத்துல இருப்பார்?"

"உசுரோட இல்ல சார்."

மன்றத்தில் யார் மைக்கில் பேசி முடித்தாலும் கைதட்டுவது வழக்கம். கைதட்டினார்கள். குப்பன் மட்டும் பொன்னாடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

மறுநாள் காலையில் ஊர்ப் பெண்கள் அவளை முகத்துவாரத்துக்கு அழைத்துப் போனார்கள். வாயால் சொன்ன பிறகு செய்யாமல் இருக்க முடியாது. செய்யாவிட்டால் போனவன் வழி தெரியாமல் அலைவான். மழைக் கலங்கல் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து வேலம்மா புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வாள். இப்போது இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, "தேசப்பன்" என்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது அமுங்கிப்போயிற்று. "சத்தமா கூப்புடு, அவனுக்கு கேக்க வேணாவா?" என்றாள் பின்னால் நின்ற மூத்த பெண்மணி முனியம்மா. வேலம்மா கத்தினாள். பிறகு, வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரிடமும் யாரும் சொல்லாத அந்த ஒற்றை வார்த்தையைச் சொன்னாள். தாலி தண்ணீரில் போயிற்று. அவள் நெஞ்சு வெடித்து அழுதாள். எட்டு வருஷத்து அழுகை மொத்தமாக வந்தது, நிறுத்த ஆளில்லை.

அன்றைக்கே பாடு ஊருக்குத் திரும்பியது. கோதண்டம் வலையைச் சுருட்டிக் கரையில் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

இவ்வளவு கொடுத்த பிறகு சுவராவது மிஞ்சும் என்றுதான் அவள் நம்பினாள். மன்றத்தின் பதிலை வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து சம்சுதீன் கொண்டுவந்தார். முதலில் ஆழ்ந்த அனுதாபம் இருந்தது. பிறகு முடிவு இருந்தது. அன்னார் ஒல்லாந்தர் அல்லர் என்று தெரியவருகிறது. அன்னார் நூறு ஆண்டைக் கடந்தவரும் அல்லர். எனவே அன்னார் தொன்மைச் சின்னம் அல்லர். தொன்மைச் சுவரின்மேல் ஏற்பட்ட பிற்காலச் சேர்க்கை. விதிப்படி பிற்காலச் சேர்க்கைகள் அகற்றப்பட்டுச் சின்னம் அதன் அசல் நிலைக்குக் கொண்டுவரப்பட வேண்டும். சனிக்கிழமை காலை சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கப்படும். ஒத்துழைப்பு நல்குக.

"யக்கா, நா கையெழுத்து போட மாட்டேன்னுட்டேன்," என்றார் சம்சுதீன். அவர் கண் கலங்கியிருந்தது. "செயலாளர் போடலன்னா துணைச் செயலாளர் போடலாம்னு விதி கீதுன்னாங்க."

"நீ இன்னா பண்ணுவே தம்பி. ஒன் வூட்டையே அவங்க வுடல."

சனிக்கிழமை காலையில் மன்றம் வாளியும் சுரண்டியும் பிரஷ்ஷுமாக வந்து இறங்கியது. தருமலிங்கம் முதலில் நுழைந்தார். உள்ளே போனவர் திரும்பி வாசலுக்கு வந்து நீலப் பலகையைப் பார்த்து, சரியான வீடுதான் என்று நிச்சயம் செய்துகொண்டு மறுபடி போனார்.

சுவர் காய்ந்திருந்தது. ஏரி ஏறி நின்ற அந்த ஐப்பசியில், வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தபோது, கோட்டைக்குப்பத்தில் காய்ந்த பொருள் அந்தச் சுவர் ஒன்றுதான். உப்பு இல்லை, முண்டாசு இல்லை, தோள் இல்லை. நானூறு வருஷத்துச் செங்கல் அடுக்கடுக்காக, நேற்று கட்டிய மாதிரி தெரிந்தது. அசல் நிலை என்று மன்றம் கேட்டது அதுதான். யாரும் சந்தோஷப்படவில்லை.

"யாரு அழிச்சது?" என்றார் தருமலிங்கம். "நாளைக்கு விருந்தாளிங்க வராங்க! கவர்னரப் பார்க்க அவ்வளவு தூரத்துலருந்து வராங்க!"

"நீங்கதான் அகற்றணும்னு தீர்மானம் போட்டீங்க," என்றார் சம்சுதீன்.

"அகற்றிட்டு அதே இடத்துல கவர்னர ஓவியமா வரையறதா இருந்தோம். உருவத்தப் பார்த்து அளவு எடுக்காம எப்படிய்யா வரையறது?"

ஆலோசகர் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ம்ம்" என்று சொல்லாமல் காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பனி அகற்றும் உபகுழுத் தலைவர், தமது துறையில் எல்லாம் சரியாக இருப்பதாகத் தெரிவித்தார். சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. குப்பன் வந்தார், கோதண்டம் வந்தான். வேலம்மா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கயிறு இனிமேல் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை, அவிழ்க்கவும் உத்தரவு இல்லை.

"முதல்ல இந்தாளு எப்படி வந்தாரு, அதச் சொல்லுங்க," என்றார் தருமலிங்கம்.

கோதண்டம்தான் சொன்னான். "வரவேண்டியவருன்னு வச்சிருந்தோம், வந்தாரு. அண்ணிய போன்னு சொல்ல வச்சீங்க. பூட்டாரு."

"அவ்வளவுதானா?" தருமலிங்கத்தின் முகம் தெளிந்தது. இது நடைமுறைச் சிக்கல். நடைமுறைச் சிக்கலை அவர் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அப்ப அத ரத்து பண்ணிடலாம்."

நின்றபடியே அவசரக் கூட்டம் நடந்தது. 'திரு. தேசப்பன் அவர்கள் இறக்கவில்லை என்றும், அன்னார் வழக்கம்போல் வரவேண்டியவரே என்றும் இம்மன்றம் தீர்மானிக்கிறது. முன்னர்ச் சொல்லப்பட்ட "போ" என்பது இதன்மூலம் திரும்பப் பெறப்படுகிறது.' பொருளாளர் முன்மொழிந்தார், பனி உபகுழு வழிமொழிந்தது, ஏகமனதாக நிறைவேறியது.

குப்பன் தொண்டையைக் கனைத்தார். அந்த ஒரு வாரமாக அவர் சரியாகத் தூங்கவில்லை. மன்றம் செய்வது பைத்தியக்காரத்தனம் என்று அவருக்குத் தெரியும், ஆனால் அந்தப் பைத்தியக்காரத்தனத்தில் அவளுக்கு ஒரு வழி இருப்பதையும் பார்த்துவிட்டார்.

"எழுதி கைநாட்டு வச்சி குடுக்கறதா இருந்தா ஊருக்கு ஆட்சேபண இல்ல," என்றார். "உசுரோட கீறான்னா பாடு அவனதுதான். கோதண்டம் நாளைலருந்து வலை கட்டட்டும். வேலம்மா, நீயும் கழுத்துல மஞ்சக் கயிறு ஒண்ணு கட்டிக்கம்மா. ஊர்ல எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான், நா பாத்துக்கறேன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். பழையபடி எல்லாரும் தெரியாத மாதிரி இருந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள். கோதண்டம் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். அவள் ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும், சோறு திரும்பி வந்துவிடும்.

தருமலிங்கம் கையில் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். காய்ந்த சுவருக்கு முன்னால் போய் நின்று, தீர்மானத்தை ஒரு வார்த்தை விடாமல் படித்தார். தேதியையும் படித்தார். படித்து முடித்ததும் ஒலிபெருக்கியைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தார். மன்றம் காத்திருந்தது. ஊரும் காத்திருந்தது. ஓட்டின்மேல் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சுவரில் ஒரு புள்ளிகூடக் கறுக்கவில்லை.

"என்னம்மா?" என்றார் தருமலிங்கம், அவள்தான் மறைத்து வைத்திருப்பதுபோல. "தீர்மானம் போட்டாச்சு இல்ல?"

"போட்டுட்டீங்க சார்," என்றாள் வேலம்மா. "நீங்க போட்டது இங்க நிக்கிற எல்லாருக்கும் தெரியுது. அவருக்குத் தெரியாதே. முகத்துவாரம் தாண்டி உள்ள போய் அவராண்ட சொல்லிட்டு வரணும். யாரு போறீங்க?"

தன்னார்வலர்கள் ஒருவரும் கை தூக்கவில்லை.